யானையும் புயலும்
இரண்டே பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரை 1990களின் இறுதியில் துணிந்து சந்தைக்குக் கொண்டுவந்தது பெங்களூரின் சான் மோட்டார்ஸ். பெயர் ஸ்டார்ம். ஃபைபர் உடல், ரெனோவின் 1,149 சிசி எஞ்சின், 60 குதிரைத் திறன். பக்கத்தில் ஒரு பழைய அம்பாசடரை நிறுத்திப் பாருங்கள். எஞ்சின் 1,489 சிசி என்றாலும் திறன் சுமார் 50தான். உடம்பெல்லாம் இரும்பு, எடை ஒரு டன்னுக்கு மேல். பந்தயத்தில் ஜெயிப்பது யார் என்று கேட்கவே வேண்டாம்.

விற்பனை வேறு கதை. தாத்தா, பாட்டி, பேரன், பெட்டி என்று அனைத்தையும் விழுங்கிக்கொண்டு, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அடங்கிப்போன அம்பாசடர் 2014 வரை தயாரானது. இருவருக்கு மட்டும் ஒரு கார் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ஸ்டார்ம் சொற்ப எண்ணிக்கையோடு ஓய்ந்தது. சில்க் போர்டு சந்திப்பின் மாலை நெரிசலிலோ, இரண்டுக்கும் ஒரே வேகம்தான்.