மார்க்கர் நார்மல்னா மாமா தப்பிச்சாரா?

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு சீரியஸ் பதிவு. மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும் :-)

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படிச்சதையும் கேட்டதையும் வெச்சு எழுதறேன்.)

போன வாரம் திருவண்ணாமலையில மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு சிறுநீர்ப்பையில புற்றுநோய்க் கட்டி வந்து, சுரண்டி எடுத்து ஒரு வருஷம் ஆகுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வேலூர் போய், கேமரா வெச்ச குழாயை விட்டு உள்ளே பார்க்கணும். இந்தத் தடவை போகலை. ஏன்னு கேட்டா, ஒரு கலர் ரிப்போர்ட்டை நீட்டினார். ஏதோ லேப்ல ஃபுல் பாடி பேக்கேஜ். 'கேன்சர் மார்க்கர்'னு ரெண்டு வரி, ரெண்டும் நார்மல்.

"பாத்தியா மாப்ள, ரத்தத்துலயே சொல்லிட்டான். குழாயை எதுக்கு விட்டுக்கணும்?"

பார்த்தேன். ஒண்ணு பி.எஸ்.ஏ. அது ப்ராஸ்டேட் சுரப்பிக்கு. இன்னொண்ணு சி.இ.ஏ. அது பெரும்பாலும் பெருங்குடல் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவங்களைக் கவனிக்கறதுக்கு. கேஸ் கசியுதான்னு கேட்டா, கரண்ட் பில் கட்டியாச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு! சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்பி வருதான்னு நம்பிச் சொல்ற ரத்த மார்க்கர் இன்னைக்கும் நடைமுறையில இல்லை.

மூத்திரத்துல பார்க்கற மார்க்கர்கள் இருக்கு. என்.எம்.பி.22 சோதனைக்கு அமெரிக்காவுல 1996லயே அனுமதி கிடைச்சுது. செல்லோட குரோமோசோமைப் பார்க்கற யூரோவைஷன் 2001ல வந்தது. அப்புறம் இன்னும் பல. ஆனா சின்ன, சாதுவான கட்டிகளை இவை அடிக்கடி கோட்டை விட்டுடும். கிருமித் தொற்றோ கல்லோ இருந்தா சில சோதனைகள் சும்மாவே அலாரம் அடிக்கும். அதனாலதான் அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தோட 2016 வழிகாட்டுதல், ஸ்கோப்புக்குப் பதிலா மார்க்கரைப் பயன்படுத்தாதேன்னு தெளிவாச் சொல்லுது.

அப்போ திரும்பி வருமான்னு எதை வெச்சுக் கணிக்கறது? பதில் மாமாவோட பீரோவுலயே இருந்தது. கட்டி எத்தனை, 3 செ.மீ.க்கு மேலயா, முன்னாடி வந்திருக்கா, எவ்வளவு ஆழம், எந்த கிரேடு, கூடவே படர்ந்த புற்று இருக்கா... இந்த ஆறையும் வெச்சு 2006ல ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2,596 நோயாளிகளைப் பார்த்து ஒரு மதிப்பெண் அட்டவணை போட்டாங்க. அதுப்படி ஐந்து வருஷத்துல திரும்பி வர்ற வாய்ப்பு, குறைஞ்சவங்களுக்கு 31 சதவீதம், அதிகமானவங்களுக்கு 78 சதவீதம். குறைச்சலே 31! பழைய பயாப்ஸி ரிப்போர்ட்தான் அவருக்கு நிஜமான மார்க்கர். அதை மடிச்சு மளிகைச் சீட்டோட வெச்சிருக்கார் மனுஷன்.

இதெல்லாம் மாமா காதுல ஏறலை. பௌர்ணமி தவறாம 14 கிலோமீட்டர் கிரிவலம் போறவர். அதனால ரமணரைச் சொன்னேன். அவர் இடது கையில வந்த கட்டியை 1949 பிப்ரவரியில எடுத்தாங்க. மார்ச்ல மறுபடி. ஆகஸ்ட், டிசம்பர்ல இன்னும் ரெண்டு தடவை. 1950 ஏப்ரல் 14ல போயிட்டார். அது சார்கோமா, வேற ஜாதி நோய். மாமாவோடது அவ்வளவு மோசமில்லை, சீக்கிரம் பார்த்தா மறுபடியும் சுரண்டி எடுத்துடலாம். ஆனா எடுத்த கட்டி திரும்பி வரும்ங்கறது இந்த ஊருக்குப் புதுசா என்ன?

மாமா ஒண்ணும் பேசலை.

அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். குழாய் விட்டுக்கறது வலி, கூச்சம், ஒரு நாள் பொழப்பு போச்சு. நார்மல்னு ஒரு காகிதம் வந்தா யாரும் பிடிச்சுக்கத்தான் செய்வாங்க. என் கோரிக்கை ரெண்டே ரெண்டு. 'கேன்சர் மார்க்கர்'னு அச்சடிக்கறவங்க, எந்த கேன்சருக்குன்னு தமிழ்ல ஒரு வரி போடுங்க. டிஸ்சார்ஜ் பண்ற டாக்டர்கள், அபாயம் குறைச்சலா, நடுத்தரமா, அதிகமா, அடுத்த ஸ்கோப் எப்போன்னு தமிழ்லயே எழுதிக் குடுங்க. அபாயம் குறைஞ்சவங்களுக்கு மூணாம் மாசம் பார்த்து சரியா இருந்தா, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும்.

பீடியை விட்டுட்டார், அது ஒரு ஆறுதல். கிளம்பறப்போ, "பௌர்ணமி கழிச்சுப் போலாம் மாப்ள"ன்னார்.

"பௌர்ணமி மாசாமாசம் வரும் மாமா. வியாழக்கிழமை காலைல பஸ்ஸுக்கு நானும் வரேன்"னேன்.

உங்க வீட்டுலயும் இப்படிக் கலர் ரிப்போர்ட் இருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.