பிடித்த முயலுக்கு மூன்றே கால்

தட்டாஞ்சாவடித் தேநீர்க்கடைகளில் வடை மடிக்கும் தாளோடு தாளாக ஒரு துண்டறிக்கையும் புழங்குகிறது. கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் காட்டும் பூச்சாண்டி. ஆக்சிஜனேற்றம் அடைந்த கொலஸ்ட்ரால்தான் ரத்தக்குழாயில் படியும். ஆகவே உருக்கிய பசுநெய்யை அள்ளி ஊற்றிச் சாப்பிடுங்கள்! இந்த 'ஆகவே' எங்கிருந்து குதித்தது என்று கேட்பவர்கள், அடியில் அச்சாகியிருக்கும் நெய் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம்.

1913இல் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி, தமனியில் கொழுப்பு படிவதைக் காட்டியது செல்லாதாம். முயல் புல் தின்னும் பிராணியாம். இருக்கட்டும். ஆனால் பழைய கொலஸ்ட்ராலில் கலந்திருந்த ஆக்சிஜனேற்றப் பொருள்களே தமனிச் சுவரைக் கெடுத்தன என்று 1976இல் இமாய் குழுவினர் கண்டது மட்டும் அறிக்கை எழுதியவருக்கு வேதவாக்கு. அந்தச் சோதனை எந்தப் பிராணியிடம் நடந்தது? அதே முயலிடம்தான்! இடைப்பட்ட காலத்தில் அது பிரியாணி தின்னப் பழகிவிட்டதா?

அடுத்து, 1998இல் ஸ்டாப்ரன்ஸ் குழு செய்த ஆய்வைத் தன் கட்சிச் சாட்சியாக அழைக்கிறார். ஒரு கூட்டம் முயல்களுக்கு வெறும் கொலஸ்ட்ரால். இன்னொன்றுக்கு, அதில் 5 சதவீதம் ஆக்சிஜனேற்றம் அடைந்தது. 12 வாரத்தில் ரத்தக் கொலஸ்ட்ரால் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான், தமனிப் படிவு மட்டும் இரண்டாவதில் இரட்டிப்பு. அது எதன் இரட்டிப்பு, ஐயா? வெறும் கொலஸ்ட்ரால் தின்ற முயல்களிலும் படிவு இருந்ததால்தானே இரட்டிக்க முடிந்தது? சுழியத்தை இரட்டித்தால் சுழியம் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியுமே. 2002இல் ஜப்பானில், மரபணு மாற்றிய சுண்டெலிகளின் ரத்தத்திலும் ஈரலிலும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் சேர்ந்தும் தமனிப் படிவு விரைவுபடவில்லை என்ற சங்கடத்தைப் பற்றி அறிக்கை மூச்சுவிடவில்லை.

மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் எலிகளின் தீவனத்தில் 10 சதவீதம் வரை நெய் கலந்தும் ரத்தக் கொலஸ்ட்ரால் ஏறவில்லை என்று அறிக்கை சொல்வது உண்மை. ஆனால் எலி இயல்பிலேயே தமனி அடைப்புக்கு எளிதில் மசியாத பிராணி. முயலைப் புல்தின்னி என்று விரட்டியவர், எலியை மட்டும் மனிதனுக்கு நிகராக உட்காரவைப்பது எந்த ஊர் நியாயம்?

இத்தனை சாமர்த்தியத்திலும் ஒன்றை மறந்துவிட்டார். ஆக்சிஜனேற்றம் சூட்டில் விரைவுபடும்; நெய்யோ வெண்ணெயை உருக்கிக் காய்ச்சி எடுப்பது. 1987இல் லான்செட் இதழில் ஜேக்கப்சன், இந்திய நெய்யின் ஸ்டெரால்களில் (கொலஸ்ட்ரால் வகைச் சேர்மங்களில்) 12.3 சதவீதம் கொலஸ்ட்ரால் ஆக்சைடுகள், அதாவது ஆக்சிஜனேற்றம் அடைந்த கொலஸ்ட்ரால், என்று எழுதினார். புது வெண்ணெயில் அவை தென்படவில்லை. தமனி அடைப்புக்கு அதைக் காரணமாக அவர் முன்வைத்தது ஓர் ஊகம்தான், தீர்ப்பல்ல. நான் அதைத் தீர்ப்பாக்கவில்லை. ஆக்சிஜனேற்றமே நஞ்சு என்று தீர்ப்பெழுதியவர் அறிக்கைக்காரர்தான். தன் வாதத்தைத் தானே நம்புகிறவராயிருந்தால், இவர் விற்க வேண்டியது நெய்யல்ல, வெண்ணெய்.