பழைமையே பெருமையாகுமா?

பழைய வைன் என்றால் உயர்ந்த வைன் என்பது பலருடைய எண்ணம். ஆண்டு கூடக்கூட விலையும் கூடுவதைக் காணுமிடத்து அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகின்றது. ஆயினும் பிரான்சு தேசத்தின் போர்தோ பிரதேசத்தில் விளையும் சிவப்பு வைனிற் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்தற்குரியதே. முப்பது ஆண்டு தாங்குவன மிகச் சில. ஒரு பழைய வைன் முதிர்ந்ததா, தளர்ந்ததா என்பதை அறிவது எங்ஙனம்?

முந்திரிகையின் தோலிலும் விதையிலும் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. கடுந் தேநீர் நாவைப் பிடிப்பதும் இவ்வினப் பொருளினாலேயாம். இளம் வைனில் இத்துவர்ப்பு மிகுந்திருக்கும். போத்தலிற் கிடக்கும் காலத்தில் துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று கூடி, மண்டியாக அடியிற் படியும். அதனால் நிறம் வெளுக்கும், துவர்ப்பு மெலியும்.

ஆதலின், பழைய போத்தலைத் திறக்குமுன் ஒரு நாளாயினும் நிமிர்த்தி வைப்பர். பின்னர், கழுத்தின் பின்னே மெழுகுவர்த்தி ஒளி தெரிய, அசைவின்றி வேறொரு பாத்திரத்தில் வார்ப்பர். மண்டி கழுத்தை எட்டியதும் நிறுத்துவர்.

சோதனை கண்ணிலே தொடங்கும். வெள்ளைத் துணியின்மேற் கிண்ணத்தைச் சரித்து வைனின் விளிம்பை நோக்குவர். இளமையின் ஊதா மறைந்து செங்கல் நிறம் தோன்றுதல் முதிர்ச்சியின் அறிகுறி. முழுவதும் கபில நிறமாயின் காலம் கடந்திருக்கலாம். அடுத்தது மூக்கு. பழவாசனை அடங்கி, புகையிலை, தோல், காளான், ஈரமண் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் எழுதல் நன்று. நனைந்த கடதாசியின் பூஞ்சண நாற்றம் வீசின், தக்கையாற் கெட்டதென்று ஒதுக்குவர். இறுதியில் நா. ஒரு மிடற்றை வாயில் உருட்டி, காற்றையும் சிறிது உள்ளிழுத்து, உமிழ்ந்தபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கின்றதென்று பார்ப்பர். பழச்சுவை தேய்ந்து புளிப்பும் துவர்ப்பும் மட்டும் எஞ்சியிருப்பின், அது வற்றிப்போன வைன்.

இவையெல்லாம் அறிந்தவரையும் போத்தலின் பெயர்ச்சீட்டு ஏமாற்றிவிடும். 1976 மே 24ஆந் திகதி பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய வைன் வணிகர், பெயர்களை மறைத்து ஒரு போட்டி நடாத்தினார். பிரெஞ்சு நிபுணர் ஒன்பதின்மர் நான்கு போர்தோ வைன்களையும் ஆறு கலிபோர்னியா வைன்களையும் சுவைத்தனர். 1973ஆம் ஆண்டுக் கலிபோர்னியா வைன் ஒன்று முதலிடம் பெற்றது; புகழ்மிக்க மூட்டோன் றொத்சைல்ட் 1970 இரண்டாவதாயிற்று. போர்தோ வைன் முதிர நாட்செல்லும், அப்பொழுதே அதன் பெருமை விளங்கும் எனச் சிலர் வாதித்தனர். பொருந்தாத வாதமன்று.

முப்பது ஆண்டுகள் சென்றன. 2006 மே 24ஆந் திகதி இலண்டனிலும் கலிபோர்னியாவின் நாப்பாவிலும் அதே சிவப்பு வைன்கள் மீண்டும் பெயர் மறைத்துச் சுவைக்கப்பட்டன. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன. றிட்ஜ் மொன்டே பெல்லோ 1971 தலைமை பெற்றது. மூட்டோன் ஆறாவதாக நின்றது.

இதனாற் போர்தோ தாழ்ந்ததென்று கொள்ளலாகாது. பத்து வைன்களைப் பற்றிய தீர்ப்பே அது. ஆனால் முதுமைச் சிறப்பு தமக்கே உரியதென்ற நம்பிக்கை அன்று உடைந்தது. பெயர்ச்சீட்டு வெளியே தெரிந்திருப்பின் அது உடைந்திருக்குமா என்பது ஐயமே. மாணவரே, பரீட்சை விடைத்தாளிற் பெயரின்றிச் சுட்டெண் மட்டும் இடுவதன் காரணமும் இதுவேயன்றோ?