தப்பறை வேறு, குற்றம் வேறு

திருச்சபையின் விசுவாசத்துக்கு மாறான போதனையைக் கத்தோலிக்கர் 'தப்பறை' என்பர். பிராட்டஸ்டண்டு சபையார் 'வேதப்புரட்டு' என்பர். இதற்கான அளவுகோல் பழையது. கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுஸின் போதனையைத் தள்ளி, விசுவாச அறிக்கை ஒன்றை வகுத்தனர். திரித்துவத்தை மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளை மற்றச் சபைகள் இன்றும் ஏற்காததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஏற்க மறுப்பது சபையின் உரிமை. ஒடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும், பாடவில்லை என்பதற்காகக் கேரளப் பள்ளியொன்று நீக்கிய இப்பிரிவுக் குழந்தைகள் மூவரை மீண்டும் சேர்க்கும்படி 1986இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதே கேரளத்தில், 2023 அக்டோபரில், களமசேரியில் இவர்களது கூட்டத்தில் குண்டுகள் வெடித்து உயிர்கள் பலியாயின. கொள்கைப் பிழைக்கு மறுமொழி போதனையே அன்றி வெடிகுண்டு அல்ல.

ஆனால், தலைவன் சொல்லே வேதமாகிவிட்டால் அது கொள்கைத் தகராறோடு நிற்பதில்லை. 1978 நவம்பரில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்ஸ் என்பவரை நம்பிச் சென்ற 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறார்கள்.

பிழைக்க வந்த ஊரில் தனிமை கொடியது. அன்போடு ஜெபத்துக்கு அழைப்பவரெல்லாம் வஞ்சகர் அல்லர். ஆயினும், சம்பளத்தை ஒப்படை, வீட்டாரை மற, மருந்தை நிறுத்து என்று எவரேனும் சொன்னால், அங்கே வேத விவாதத்துக்கு இடமில்லை. உடனே விலக வேண்டும். உறவினரிடமும், தேவைப்பட்டால் போலீசாரிடமும் தயங்காமல் சொல்ல வேண்டும்.