கணவாயைத் துளைத்த வழி

ஏப்ரல் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து நுவரெலியா போகிறவர்கள் விடிகாலையிலேயே வானில் ஏறிவிடுகிறார்கள். கஜுகமவில் முந்திரிப்பருப்புக்கு ஒரு நிறுத்தம், மாவனல்லை தாண்டியதும் ஏற்றம். கடுகண்ணாவைக் கணவாயில் தூரத்தே பத்தலேகல மலை சதுரப் பாறையாக எழுந்து நிற்கும்போது பின் இருக்கைப் பிள்ளைகள் சற்று அடங்குகிறார்கள். தலைசுற்றலும் ஒரு காரணம்தான்.

இந்த அழகு ஒரு காலத்தில் அரண். கண்டி மன்னர்கள் பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும், முக்கியமான இடங்களில் முட்கதவுக் காவல் வேறு. 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த நாட்டில் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். 1594இல் தந்துரையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1803இல் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலேயர் அங்கே விட்டுவைத்த காவற்படையும் மீளவில்லை. மழையும் காய்ச்சலும் காடும் மன்னனுக்குச் சம்பளமில்லாச் சேவகர்கள்.

1815இல் கண்டி விழுந்ததற்குப் பீரங்கியைவிடப் பிரதானிகளின் மனக்கசப்பே பெரிய காரணம். ஆனால் பிடித்ததை வைத்திருப்பது வேறு வேலை. 1817–18 ஊவாக் கிளர்ச்சி அதை ஆங்கிலேயருக்கு உணர்த்தியது. படை விரைந்து ஏறவென ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் கொழும்பு–கண்டி வீதியைத் தொடங்கினார்; பொறியாளர் கப்டன் டோசன். மலையைத் துளைத்தவனுக்கே கண்டி பணியும் என்றொரு பழங்கதை உண்டு. கடுகண்ணாவையில் ஒரு பாறையைக் குடைந்து வீதியை அதனூடாகவே கொண்டுபோனார்கள். சுற்றிப் போக இடமிருந்ததே, ஏன் குடைந்தார்கள் என்று அங்கே நிற்கிறவர்கள் இன்றும் கேட்பதுண்டு. கதைக்காகத்தான் என்பது ஊர்ப்பேச்சு. எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

கல் உடைத்தவர்கள் யார்? இராஜகாரியம் என்ற பழைய ஊழியக் கடமை அந்தக் கைகளைத் தந்தது. மன்னன் போனாலும் மன்னனுக்குச் செய்யவேண்டிய வேலை போகவில்லை. புதிய எசமான் அதை வீதிக்குத் திருப்பிவிட்டான். அந்த முறையை ஒழிக்கும் ஆணை லண்டனில் பிறந்தது 1832இல். கொழும்பு–கண்டி தபால் வண்டி ஓடத் தொடங்கியதும், மூன்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன டோசனுக்குக் கணவாய் உச்சியில் கோபுரம் எழுந்ததும் அதே ஆண்டில்தான். அவ்வாண்டு ஜனவரியில், கடலுக்கு அப்பால் வேலூரில், சிறைவைக்கப்பட்டிருந்த கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்மூடினான். நாயக்கர் வழிவந்த அவனுடைய இயற்பெயர் கண்ணுசாமி. பாலாற்றங்கரையில் அவனுக்கு ஒரு முத்து மண்டபம் இருக்கிறது. கண்டிக்கு உல்லாசம் போகிற தமிழ்நாட்டுக்காரர்களில் அங்கே எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

படைக்காகப் போட்ட வீதியில் இறங்கி வந்தது கோப்பி மூட்டை. பார்ன்ஸே கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர். 1867இல் ரயில் கண்டியை எட்டியது. இரண்டே ஆண்டில் இலைநோய் தாக்க, கோப்பி சரிந்து தேயிலை ஏறியது. இன்று கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறும்போது வளைவுக்கு வளைவு நாம் படமெடுக்கும் பச்சை, அந்தச் சரிவுக்குப் பின் வந்த பச்சைதான்.

அதை நட்டவர்கள் இந்த வீதியால் வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள், கங்காணிக்குப் பின்னால், கடனோடு. வழியில் விழுந்தவர்களுக்குக் கோபுரம் எதுவும் இல்லை. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் மறுபடி நடந்தது. அந்தப் பாதையில் ஊசிவளைவுகள் இல்லை, நின்று பார்க்க ஒரு காட்சிமுனையும் இல்லை. மாத்தளையை நெருங்கும்வரை பெரும்பாலும் சமவெளி, வெயில், காடு.