காவலன் உறங்கினால் யார் பொறுப்பு?

அமெரிக்காவின் ஈக்குவிபக்ஸ் நிறுவனம் மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி விற்பது. அவ்வாறு திரட்டுமாறு எந்தக் குடிமகனும் அதனை வேண்டியதில்லை. 2017 மார்ச்சில், அதன் கணினிகளில் இயங்கிய மென்பொருளொன்றின் குறைபாடு பற்றி எச்சரிக்கை வந்தது, திருத்தமும் வந்தது. நிறுவனமோ திருத்தவில்லை. மே முதல் யூலை வரை கள்வர் உள்ளே உலாவினர். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விபரங்கள் களவு போயின. யூலை 29இல் அறிந்த களவைச் செப்டெம்பர் 7இல்தான் உலகுக்கு அறிவித்தது!

நீதி கிடைத்ததா? 2019இல் 70 கோடி டொலர் வரையிலான இணக்கம் ஏற்பட்டது. கடன் கண்காணிப்புச் சேவைக்குப் பதிலாகத் தலைக்கு 125 டொலர் பெறலாம் என்றனர். அதற்கென ஒதுக்கியதோ 3 கோடியே 10 இலட்சம் டொலர் மட்டுமே! விண்ணப்பங்கள் குவிந்தன, பங்கு சுருங்கிற்று. சான்றுடன் இழப்பைக் காட்டியோர்க்கே 20,000 டொலர் வரை கோரும் வழியிருந்தது. ஆதலின் பற்றுச்சீட்டு, கடிதம் எதனையும் எறியலாகாது.

நட்டஈட்டை நம்பி வாளாவிருத்தலும் கூடாது. 2018 முதல் அந்நாட்டில் கடன் அறிக்கையைப் பூட்டுதல் இலவசம். பெரிய கடன் தகவல் நிறுவனங்கள் மூன்றிடமும் தனித்தனியே பூட்டிவிடின், பிறர் நம் பெயரிற் புதுக்கடன் பெறுதல் அரிது.

எனினும் நாம் கேட்கின்றோம்: கதவைத் திறந்துவிட்டவன் ஒருவன், பூட்டுத் தேடி அலைபவன் மற்றொருவனா? பிறர் விபரத்தை வைத்து வணிகம் புரிவோர், கேளாமலே பூட்டிக் காத்தல் வேண்டும். அதனைச் சட்டம் கடமையாக்குக!