யாரோடு ஒப்பிட்டு?

“எமது வகுப்பில் பத்துப் பேருக்கு 3 ஏ” என்று மதிலில் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டால், அடுத்த வாரம் அந்த ரியூசன் வகுப்பில் இருக்க இடம் கிடைக்காது. அந்தப் பத்துப் பேரும் சாதாரண தரத்திலேயே 9 ஏ எடுத்தவர்களா? வேறு வகுப்புக்குப் போயிருந்தாலும் இதே பெறுபேறு வந்திருக்குமா? அதே வகுப்பில் படித்துச் சித்தியடையாதோர் எத்தனை பேர்? இவற்றைக் கேட்கும் பெற்றோர் குறைவு. ஆசிரியர் கெட்டிக்காரராக இருக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் அவரைத் தேடிப் போயிருக்கவும் கூடும். விளம்பரத்தில் உள்ள எண் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாது.

விஞ்ஞான பாடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒளித்தொகுப்புக்குச் சூரிய ஒளி தேவை என்று காட்ட, ஒரே செடியின் ஓர் இலையைக் கறுப்புக் கடதாசியால் மூடுகிறோம். இன்னோர் இலையை வெளிச்சத்தில் விடுகிறோம். செடியும் மண்ணும் நீரும் ஒன்றே. வேறுபடுவது ஒளி மட்டும். அயடீன் விட்டதும் விடை தெரிந்துவிடும். மனிதரை இப்படி மூடிவைக்க முடியாது. பாதிப் பிள்ளைகளுக்கு நோயைக் கொடுத்தோ, பாதிக் குடும்பங்களை ஊரைவிட்டுத் துரத்தியோ என்ன நடக்கிறது என்று பார்க்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவே, நடந்து முடிந்தவற்றின் பதிவுகளிலிருந்துதான் காரணத்தைத் தேட வேண்டும். அதற்கென்றே புள்ளிவிபரவியலில் பல முறைகள் வளர்ந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தி உலக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப ஆராய்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று.

1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா இத்தீவில் பல்லாயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் வீடுகளுக்குள் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம், 1947இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. “டி.டி.ரி.யின் அற்புதம்” என்று உலகமே வியந்தது. ஆனால் அதே காலத்தில் போர்க்காலத் தட்டுப்பாடு தளர்ந்தது, வைத்தியசாலைகளும் பெருகின. அப்படியானால் உயிரைக் காப்பாற்றியது எது?

பீற்றர் நியூமன் என்ற பொருளியலாளர் நாடு முழுவதற்குமான ஒற்றை எண்ணோடு நிற்கவில்லை. மலேரியா மிகுந்த உலர் வலய மாவட்டங்களையும், அந்நோய் குறைந்த தென்மேற்கு மாவட்டங்களையும் ஒப்பிட்டார். உணவும் வைத்தியமும் இரு பகுதிகளுக்கும் கிடைத்தவை. மலேரியா நீங்கியதன் பயனோ ஒரு பகுதிக்கே பெரிது. இறப்பு வீத வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு நூற்றுக்கு 42 என்று அவர் கணக்கிட்டார். பின்னர் ஆராய்ந்த கிரே என்பவர் 23 என்றார். இரு கணக்குகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் “எல்லாம் டி.டி.ரி.யால்தான்” என்ற பேச்சை இரண்டுமே ஏற்கவில்லை, “ஒன்றுமே இல்லை” என்றும் சொல்லவில்லை.

எம்மைப் போன்ற மாணவிகளுக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. மலேரியா ஒழிந்ததால் பெண்களின் படிப்பு கூடியதா என்று அட்ரியன் லூக்காஸ் என்ற ஆய்வாளர் கேட்டார். இங்கே ஒரு பெரிய தடை இருந்தது. 1945இல்தான் இலவசக் கல்வியும் வந்தது. பெண்கள் கூடப் படித்தது கன்னங்கராவாலா, நுளம்பு ஒழிந்ததாலா?

எண்களைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். மலேரியா குறைந்த மாவட்டத்தில் இளைய தலைமுறைப் பெண்கள் மூத்தவர்களைவிட ஓராண்டு கூடப் படித்தார்கள். மலேரியா மிகுந்த மாவட்டத்திலோ ஒன்றரை ஆண்டு கூடப் படித்தார்கள். அந்த ஓராண்டு இலவசக் கல்வி போன்று எல்லோருக்கும் பொதுவானவற்றால் வந்தது. மேலதிகமான அரை ஆண்டை மலேரியா ஒழிப்பின் கணக்கில் எழுதலாம். உலர் வலயத்தில் அப்போது குடியேற்றத் திட்டங்களும் நடந்தனவே என்று ஒருவர் மறுக்கலாம். அது நியாயமான மறுப்புத்தான். அதனால் லூக்காஸ் தென் அமெரிக்காவின் பரகுவேயிலும் இதே கணக்கைச் செய்தார். இரு நாடுகளிலும் ஒத்த விடையே கிடைத்தது. காய்ச்சல் நீங்கிய இடங்களில் பெண்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். முன்னர் அவர்களின் படிப்பைக் குறைத்ததில் நோய்க்கும் பங்கு இருந்தது.

இனி எமது வாசலுக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பலரது பிள்ளைகள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தார்கள். அவர்களில் சிலரின் பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணத்தில் படிக்கிறோம். “முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை குறைவு” என்று வெளியாரும் சொல்கிறார்கள், எம்மவரும் சொல்கிறார்கள். ஆதாரம் கேட்டால், இரண்டு பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் போனோரின் எண்ணிக்கையை அருகருகே வைப்பார்கள்.

அந்த ஒப்பீடு நியாயமானதா? ஒரு பக்கம் தலைமுறைகளாக இடம்மாறாத பாடசாலை. மறுபக்கம் மூடிக் கிடந்து மறுபடி தொடங்கிய பாடசாலை. தாயின் படிப்பு, வீட்டு வருமானம், இழந்த பாடசாலை ஆண்டுகள், விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் இருந்தாரா என்பது ஆகியவற்றில் ஒத்த பிள்ளைகளை அல்லவா ஒப்பிட வேண்டும்? அதைச் செய்யாமல் ஒரு சமூகத்தின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, மலேரியாக் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைச் சோம்பேறி என்பதற்குச் சமம்.

அதேவேளை, இந்த அளவுகோல் எமக்கும் பொருந்தும். எல்லாக் குறைக்கும் 1990ஐக் காரணம் காட்டிவிட்டு இருந்துவிடவும் முடியாது. ஒரே மாதிரி இடம்பெயர்ந்து, ஒரே மாதிரி வசதியோடு திரும்பிய இரு குடும்பங்களில் ஒரு வீட்டுப் பெண் படிப்பைத் தொடர, மறுவீட்டுப் பெண் இடையில் நிறுத்தப்பட்டால், அந்த வேறுபாட்டுக்கு வெளியேற்றம் மட்டும் பதில் ஆகாது. அங்கே வீட்டுக்குள் எடுக்கப்பட்ட முடிவையும் பார்க்க வேண்டும்.

இவற்றைப் பிரித்தறியப் பதிவுகள் வேண்டும். மலேரியா ஆய்வுகளுக்கு உதவியவை பழைய மண்ணீரல் கணக்கெடுப்புகள். அந்தக் காலத்தில் சுகாதாரப் பகுதியினர் பாடசாலைகளுக்குச் சென்று, பிள்ளைகளின் வயிற்றை அழுத்தி, மண்ணீரல் வீங்கியோர் எத்தனை பேர் என மாவட்ட வாரியாக எழுதி வைத்தார்கள். பெண்களின் கல்வியை ஆராயவும் அது ஒருநாள் பயன்படும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். பாடசாலைகளிலும் ஒவ்வொரு மாணவியும் எந்த நிலையில் சேர்ந்தாள், எத்தனை நாள் வரவில்லை, ஏன் விலகினாள் என்று பெயரை வெளியிடாமல் ஆண்டுதோறும் எழுதிவைக்கலாம். மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்குமுன் இருந்த புள்ளிகளையும் குறித்துவைக்கலாம். எமது படிப்பைப் பற்றி அடுத்த முறை யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், பெற்றோரே, கோபப்படவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். “யாரோடு ஒப்பிட்டு?” என்று கேளுங்கள். பதிலைத் தேடும் வேலையை நாங்களும் செய்வோம்.